பெட்ரோல் குழாய்க்கும் வயது உண்டு

2016 அக்டோபரில் ரெனோ நிறுவனம் சுமார் 50,000 க்விட் கார்களைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 800 சி.சி. எஞ்சின் பொருத்திய அந்தக் கார்கள், அந்த ஆண்டு மே 18 வரை சென்னைக்கு அருகே ஒரகடம் ஆலையில் தயாரானவை. அதே ஆலையில், அதே அடித்தளத்தின் மேல் உருவான டாட்சன் ரெடி-கோ கார்களில் 932 வண்டிகளை நிசானும் அழைத்தது. இரண்டு அழைப்புக்கும் காரணம் ஒன்றே. பெட்ரோல் ஹோஸை அதன் இடத்தில் இறுக்கிப் பிடித்திருக்க ஒரு கிளிப் கூடுதலாகத் தேவைப்பட்டது.

சாலைக்கு வந்து அதிகம் போனால் ஓராண்டே ஆகியிருந்த கார்கள் அவை. தயாரித்தவர்களே முன்வந்து அழைத்து, காசு வாங்காமல் கிளிப்பை மாட்டிக் கொடுத்தார்கள். முப்பது, நாற்பது வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி அழைப்பு வராது. தயாரித்த நிறுவனமே சில சமயம் உயிரோடு இருக்காது. அந்தக் காரின் டேங்கிலிருந்து எஞ்சின் வரை போகும் ரப்பர் குழாய்களின் நிலைக்கு அதன் உரிமையாளர் ஒருவர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நம்மில் பெரும்பாலோர் எப்படி நிறைவேற்றுகிறோம்? பானட்டைத் திறந்து பார்ப்போம். சொட்டவில்லை என்றால் மூடிவிடுவோம். இந்தப் பார்வை ஏன் போதாது, என்ன செய்தால் போதும் என்பதை முழுதாகப் பேச வேண்டிய காலம் இது. பெட்ரோலே மாறிவிட்டது; குழாய்கள் பழையபடியே இருக்கின்றன.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், கார் ஆலைகள் சூழ்ந்த சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். இந்தப் பட்டையில் கண்ணில் படுவதெல்லாம் புத்தம் புதுக் கார்கள். ஆனால் இங்கிருந்து சென்னைச் சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வரும் இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் ஆலை இருக்கும் அதே ஊரில், 1990-ல் திறந்த 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது அது. அதற்கு முன்னால், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அந்தக் கிளப் பல ஆண்டு பந்தயம் நடத்தியது. அந்தக் காலத்து வண்டிகளையும் அவற்றின் வழிவந்தவற்றையும் பிரியமாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் சென்னையிலும் கோவையிலும் உண்டு.

இன்னொரு தொடர்பும் உண்டு. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலைதான் ஒரகடத்தின் வழியாகப் போகிறது. அந்தச் சாலை தொடங்கும் வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்துத்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். தமிழ் மண்ணில் தயாரான காரில் ஸ்போர்ட்ஸ் காருக்கு மிக நெருங்கிய உறவு ஹெரால்டுதான் என்று சொல்லலாம். இரண்டிலும் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சினும் கார்பரேட்டரும் குழாய்களும் அப்படியே வெட்ட வெளிச்சமாகத் தெரியும். பெட்ரோல் குழாயைப் பார்க்க இதைவிட வசதியான கார் கிடைக்காது. வசதி இருந்தும் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

இப்படிப்பட்ட ஒரு காரில் டேங்கிலிருந்து எஞ்சின் வரை போகும் பாதையின் பெரும்பகுதி உலோகக் குழாய். ரப்பர் வருவது சில இடங்களில் மட்டும்: டேங்கிலிருந்து உலோகக் குழாய் தொடங்கும் இடம், சட்டத்தோடு இறுகியிருக்கும் குழாய் ஆடும் எஞ்சினோடு சேரும் இடம், பம்ப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து கார்பரேட்டர். எஞ்சின் அதன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே வளையும் குழாய் கட்டாயம். மொத்தமாகச் சேர்த்தாலும் ஓரிரு மீட்டர்தான் வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ரப்பரும் உண்டு. பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் இணைக்கும் தடித்த குழாய், டேங்கின் மூச்சுக்குழாய், ஆவியைக் கொண்டுபோகும் சிறு குழாய்கள். டேங்கை நிரப்பிய அன்று மட்டும் காருக்குள் பெட்ரோல் வாடை வந்து மறுநாள் போய்விட்டால், கோளாறு பெரும்பாலும் இவற்றில்தான். முன்னால் உள்ள குழாய்களை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் உள்ளவற்றை மறப்பது மிகப் பரவலான தவறு.

ரப்பர் ஏன் கெடுகிறது என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் இங்கிருந்துதான் வருகின்றன.

இயற்கை ரப்பர் பெட்ரோலில், தண்ணீரில் ஊறவைத்த கொண்டைக்கடலை போல ஊதிவிடும். அதனால் 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர்தான் பல பத்தாண்டுகளாகப் பெட்ரோல் குழாய்களின் உள்சுவராக இருந்தது. அதற்கு மேல் நூலால் பின்னிய ஒரு வலை. அழுத்தத்தைத் தாங்குவது அதன் வேலை. வெளியே நியோப்ரீன் போன்ற வேறொரு ரப்பர் உறை. வெயிலையும் ஓசோனையும் எண்ணெய்ச் சிதறலையும் தாங்குவது அதன் வேலை. ஆக ஒரு குழாய்க்குள் மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் வேறு எதிரி. உள்சுவரை பெட்ரோல் கெடுக்கிறது. வெளியுறையைச் சூடும் ஓசோனும் கெடுக்கின்றன. வெளியே பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் வெளியுறையை மட்டுமே சோதிக்கிறார். உள்சுவர் எப்போதோ கெட்டிருக்கலாம்.

ரப்பரை மெத்தென்று வைத்திருக்க அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருளைக் கலந்திருப்பார்கள். பெட்ரோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அது போன இடத்தைப் பெட்ரோலே நிரப்பிக்கொள்வதால், கார் ஓடிக்கொண்டிருக்கும்வரை ரப்பர் மெத்தென்றே இருக்கும். காரை மூன்று மாதம் நிறுத்திவைத்தால் பெட்ரோல் ஆவியாகிக் குழாய் காயும். அப்போது ரப்பர் சுருங்கும், விறைக்கும், விரிசல் விடும். கிளிப் இறுக்கிய இடத்தில் இடைவெளி வரும். தினம் அலுவலகம் போகும் காரைவிட, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் ஸ்போர்ட்ஸ் காரின் குழாய் சீக்கிரம் கெடுவதற்கு இதுதான் காரணம். "வண்டி ரொம்ப ஓடலீங்க, குழாய் எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கும்" என்று விற்கிறவர் சொன்னால் அது குழாய்க்கு நற்சான்று ஆகாது. குழாயின் வயதைக் கிலோமீட்டரில் கணக்கிட முடியாது. ஆண்டில்தான் கணக்கிட வேண்டும்.

அடுத்தது சூடு. சூடு பத்து டிகிரி கூடினால் ரப்பர் முதுமையடையும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் கோடையில் வெளியே நிழலிலேயே 40 டிகிரி. பானட்டுக்குள் அதற்கும் பல மடங்கு மோசம். மிக மோசமான நேரம் வண்டி ஓடும்போது வருவதில்லை, நிறுத்திய அடுத்த கால் மணியில் வருகிறது. காற்றோட்டம் நின்றுவிடும், எஞ்சினின் சூடு மேலே எழும், குழாய்க்குள் பெட்ரோலும் நகராமல் நிற்கும். தாழ்ந்த மூக்கும் நெருக்கமான எஞ்சின் அறையும் ஸ்போர்ட்ஸ் காரின் அழகு. குழாய்க்கு அந்த நெருக்கமே கேடு. ஆகவே இங்கிலாந்துக்காரரும் ஜெர்மன்காரரும் தங்கள் ஊர்க் குளிரை மனத்தில் வைத்துச் சொல்லும் ஆண்டுக்கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு அதில் கணிசமாகக் குறைத்தாக வேண்டும்.

ஓசோன் தாக்குவது இழுபட்ட ரப்பரை. வளைவின் வெளிப்பக்கமும், உலோகக் குழாயின் மேல் விரிந்து உட்கார்ந்திருக்கும் முனையும்தான் முதலில் வெடிக்கும். நேராக ஓடும் நடுப்பகுதியை மட்டும் தடவிப் பார்த்துத் திருப்திப்படுகிறவர், கடைசியாகக் கெடும் இடத்தைப் பார்க்கிறார்.

இனி எத்தனால். 2003 ஜனவரியில் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்போடு தொடங்கிய திட்டம் நீண்ட காலம் மெதுவாகவே நகர்ந்தது. 2014 வாக்கில் உண்மையான கலப்பு சுமார் ஒன்றரை சதவீதம்தான். பிறகு வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவீதம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் (இ20) சில மாநிலங்களின் பங்க்குகளுக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதற்குமான இலக்கான 20 சதவீதத்தை எட்டினோம். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாராகும் கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20 பெட்ரோலைத் தாங்கும்படி அமைந்தவை. அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை அதற்காக உருவானவை அல்ல. 1961-ன் ஹெரால்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2025-ல் நடந்த சர்ச்சை பெரும்பாலும் மைலேஜைச் சுற்றி இருந்தது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் இ20 ஊற்றினால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று கணித்திருந்தது. சண்டை அதன் மேல்தான் நடந்தது. ரப்பரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அரசு பேசியது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், அது செலவு குறைவான, வழக்கமான சர்வீஸிலேயே முடியும் வேலை என்ற கருத்து இருந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்த விளக்கத்தில் படித்துக்கொள்ள வேண்டிய வரி அதுதான். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பெரும்பாலான பங்க்குகளில் தேர்ந்தெடுக்க வழியில்லாதபோது குழாயைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எத்தனால் என்ன செய்கிறது? நைட்ரைல் ரப்பர் சுத்தப் பெட்ரோலிலும் ஓரளவு ஊதும், சுத்த எத்தனாலிலும் ஓரளவு ஊதும். இரண்டும் கலந்திருந்தால் தனித்தனியாக ஊதுவதைவிடக் கூடுதலாக ஊதும். நாம் இப்போது ஊற்றுவது அந்தக் கலவைதான். கூடவே எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இது பெரிய தொல்லை. டேங்கில் பல ஆண்டாகப் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். முதல் சில டேங்க் பெட்ரோலில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதில் இரண்டு பக்கத்தாரும் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. இ20 ஊற்றினால் சில வாரத்தில் குழாய் கரைந்துவிடும் என்பது மிகை. நல்ல தரமான, புதிய நைட்ரைல் குழாய் அத்தனை சுலபமாகப் போகாது. ஒன்றுமே ஆகாது என்பதும் பொறுப்பில்லாத பேச்சு. இருபது ஆண்டாகச் சுருங்கி விறைத்த ரப்பரில் புதிய கலவை போய்ச் சேரும்போது அது மறுபடி ஊதுகிறது; கார் நின்றால் மறுபடி காய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் ஆழமாகும். பழைய குழாயின் முடிவு எப்படியும் வரவேண்டியதுதான். எத்தனால் அதை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது.

முடிவு எப்படி வரும் என்பது காரின் வகையைப் பொறுத்தது. கார்பரேட்டர் கார்களில் எஞ்சினே ஓட்டும் பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுதான். குழாய் வெடித்தால் ஈரம் கசியும், சொட்டும், வாடை வரும். கவனிப்பவருக்கு நேரம் கிடைக்கும். இன்ஜெக்ஷன் முறையில் ஓடும் எம்.பி.எஃப்.ஐ. கார்களில் அழுத்தம் 3 பார் அளவில், அதாவது சதுர அங்குலத்துக்கு 43 பவுண்டு. 1970, 80களின் போர்ஷே 911, மெர்சிடிஸ் போன்றவற்றில் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் அமைப்பில் 5 பார் அளவு. அங்கே ஊசித்துளை ஒன்று விழுந்தாலும் பெட்ரோல் புகைபோலப் பீய்ச்சும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது, தாழ்வான இடத்தில் தேங்கும். பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி கிளம்பும் திரவம் அது. டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பொறி போதும்.

நெருப்புக்கு முன்னால் வரும் சிறு அறிகுறிகளைப் பலர் வேறு நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். உள்சுவர் உதிர்ந்தால் கறுப்புத் துகள் ஃபில்டரில் சேரும், கார்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். உள்சுவர் ஒரு பக்கம் கிழிந்து மடிந்தால், வேகம் எடுக்கும்போது அது கதவைப் போல மூடிக்கொண்டு பெட்ரோலைத் தடுக்கும். மெக்கானிக் பம்ப்பை மாற்றுவார், கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார், ட்யூனிங் செய்வார். குழாய் அப்படியே இருக்கும். ஃபில்டரில் கறுப்புத் தூள் கண்டவுடன் முதல் சந்தேகம் குழாயின் மேல் வர வேண்டும்.

பார்ப்பது எப்படி? எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, விளக்கைப் பிடித்துக்கொண்டு, டேங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துண்டாகப் பார்க்க வேண்டும். கையால் வளைக்க வேண்டும். வளைத்த வெளிப்பக்கத்தில் நுண்ணிய கோடுகள் தெரிகின்றனவா என்று நோக்க வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கி மீள வேண்டும். கல்லாக இருந்தாலும் தவறு, சேறாக இருந்தாலும் தவறு. கிளிப்பை நகர்த்தி அதன் அடியில் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்து அதில் பெட்ரோல் வாடை ஏறுகிறதா என்று முகர வேண்டும். பழைய ஜெர்மன் கார்களில் வெளியே பருத்தி நூல் பின்னிய குழாய் வரும். நூலுக்குள் ரப்பர் வெடித்திருந்தாலும் வெளியே தெரியாது. அவற்றைப் பார்த்துத் தீர்மானிக்கவே முடியாது. அழகுக்காகப் போடும் எஃகு வலைக் குழாய்களுக்கும் இதே குறை. அந்த வலை உரசும் பக்கத்துக் குழாயையும் ஒயரையும் அறுத்துவிடும் என்பது கூடுதல் ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிப்பது. டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒரகடத்திலேயே அப்பல்லோ டயர் ஆலை இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருப்பது இன்று பலருக்கும் தெரியும். டயர் வாங்குகிறவர் அதைப் பார்த்து, பழசு என்றால் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். நல்ல பெட்ரோல் குழாயிலும் தரக்குறியீட்டோடு தயாரித்த காலமும் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. டயரும் ரப்பர்தான், குழாயும் ரப்பர்தான்.

அந்தக் குறியீடுகளில் உலகெங்கும் புழங்குவது அமெரிக்க எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே30 வரிசை. அதில் ஆர்6, ஆர்7 என்பவை கார்பரேட்டர் கார்களுக்கான குறைந்த அழுத்தக் குழாய்கள். சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு வரை. ஆர்9 என்பது இன்ஜெக்ஷன் கார்களுக்கானது. 100 பவுண்டு வரை. வேறுபாடு அழுத்தத்தில் மட்டும் இல்லை. ஆர்9 குழாயின் உள்சுவர் ஃபுளோரோ ரப்பர். ரப்பர் சுவர் வழியாகப் பெட்ரோல் ஊறி வெளியேறுவதற்கான உச்ச வரம்பு, ஆர்7-க்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 550 கிராம். ஆர்9-க்கு 15 கிராம். எத்தனால் கலவையைத் தாங்குவதிலும் ஃபுளோரோ ரப்பர் நைட்ரைலைவிட வெகுவாக மேல். ஆகவே கார்பரேட்டர் கார்தானே, அழுத்தம் குறைவுதானே என்று ஆர்7 போடுவதை நான் ஏற்கவில்லை. இன்றைய பெட்ரோலுக்கு ஹெரால்டாக இருந்தாலும் ஆர்9 போடுவதே சரி. விலை கூடுதல்தான். ஆனால் தேவைப்படுவது ஓரிரு மீட்டர்.

ஒரு விதிவிலக்கு. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் பம்ப்பின் குழாய்க்கு ஆர்9 கூடாது. அதன் உள்சுவர் தாங்கும், வெளியுறை தாங்காது. உள்ளேயும் வெளியேயும் பெட்ரோலில் ஊறுவதற்கென்றே வருவது ஆர்10. ஆர்9-ஐ டேங்குக்குள் போட்டால் சில காலத்தில் வெளியுறை குழைந்து, புதிய பம்ப்பையே அடைத்துவிடும்.

கடையில் வாங்கும்போதுதான் பல தவறுகள் நடக்கின்றன. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் நல்ல குழாயும் கிடைக்கும், எழுத்தே இல்லாத கறுப்புக் குழாயும் கிடைக்கும். எழுத்தில்லாத குழாயை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பைக்குக்குப் போடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ட்யூப் பானட்டுக்குள் கூடவே கூடாது. சூட்டில் விறைத்து முனையிலிருந்து கழன்றுவிடும். இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து தரும் கடைகள் உண்டு. இன்ஜெக்ஷன் குழாய்க்கும் அங்கேயே வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் தாங்கும் குழாய் பெட்ரோலைத் தாங்கும் என்பதில்லை. எண்ணெய்க்கான ரப்பர் வேறு, பெட்ரோலுக்கான ரப்பர் வேறு. கிரிம்ப் செய்யும் திறமை அந்தக் கடைகளில் நிச்சயம் இருக்கிறது. குழாயை மட்டும் நாம் சரியானதாக வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அளவிலும் ஒரு கண்ணி. பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்களின் உலோகக் குழாய் அங்குலக் கணக்கு. கடையில் இருப்பது மில்லிமீட்டர். 5/16 அங்குலம் ஏறத்தாழ 8 மி.மீ., அது பொருந்தும். 1/4 அங்குலம் 6.35 மி.மீ. அதற்கு 6 மி.மீ. குழாயைச் சிரமப்பட்டாவது ஏற்றலாம். சுலபமாக ஏறுகிறதே என்று 8 மி.மீ. குழாயைப் போட்டுக் கிளிப்பால் நெருக்கினால், ரப்பர் ஒரு பக்கம் மடிந்து அந்த மடிப்பின் வழியே கசியும்.

மாற்றும் வேலை கடினமானது இல்லை. அவசரம்தான் அதைக் கெடுக்கும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, பக்கத்தில் பவுடர் வகைத் தீயணைப்பானை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். இன்ஜெக்ஷன் கார் என்றால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட பழைய குழாயை முறுக்கி இழுத்தால் கார்பரேட்டரின் பித்தளை முனை உடையும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே நல்லது. கீறும்போது அடியில் உள்ள உலோகத்தில் கோடு விழக் கூடாது. விழுந்தால் புதிய குழாய் அங்கேயே கசியும். புதிய குழாயை ஹேக்ஸா பிளேடால் அறுக்காமல் கூர்மையான கத்தியால் நேராக வெட்டி, உள்ளே தூசி இல்லாமல் ஊதி, முனையின் மேடு தாண்டும்வரை முழுதாகத் தள்ள வேண்டும். எஞ்சின் ஆடுவதற்குத் தளர்வு விட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் கிரோமெட் என்ற ரப்பர் வளையம் கட்டாயம்.

கிளிப்பை அலட்சியமாக நினைக்கிறவர்கள் ஒரகடத்துக் க்விட் கார்களை நினைத்துக்கொள்ளட்டும். சாதாரணத் தண்ணீர்க் குழாய்க் கிளிப்பின் பட்டையில் திருகு ஓட வெட்டிய துளைகள் இருக்கும். இறுக்கும்போது அந்தத் துளைகள் ரப்பரைக் கடிக்கும், விளிம்பு அறுக்கும். பெட்ரோலுக்கென்று வரும் கிளிப்பின் விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருக்கும், உட்புறம் வழவழப்பாக இருக்கும், சுற்றிலும் ஒரே சீராக நெருக்கும். அதுதான் வேண்டும். குழாயின் முனைக்கும் உலோக மேட்டுக்கும் நடுவில் அது உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் குழாய் நழுவும். கட்டுக்கம்பி முறுக்குவதை இந்தக் காலத்தில் எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாது, செய்தால் உரிமையாளர் ஒப்புக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் சாவியை மட்டும் போட்டு பம்ப் ஓடும் காரில் கசிவு பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பின் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை பார்க்க வேண்டும். ரப்பர் படிந்து உட்கார்ந்த பிறகு கிளிப் சற்றுத் தளர்வது இயல்பு.

இனி எத்தனை ஆண்டு என்ற கேள்வி. பந்தய உலகம் இதைத் தெளிவாகத் தீர்த்துவைத்திருக்கிறது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிப்படி பந்தயக் காரின் ரப்பர் பெட்ரோல் பைக்குத் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுதான் ஆயுள். தயாரித்தவரே திரும்பச் சோதித்துச் சான்று கொடுத்தால் இன்னும் 2 ஆண்டு நீட்டிக்கலாம். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு அங்கே இடமே இல்லை. வளையும் பெட்ரோல் குழாய்கள் 135 டிகிரி சூட்டில் 70 பார் வரை வெடிக்காமல் தாங்க வேண்டும் என்றும், ஓட்டுநர் உட்காரும் அறைக்குள் அந்தக் குழாய்களில் இணைப்பே இருக்கக் கூடாது என்றும் கார் பந்தயங்களுக்கான அதன் விதிகள் சொல்கின்றன. முன்பின் தடுப்புச் சுவர்களில் மட்டும் இணைக்கலாம். நெருப்பில் ஓட்டுநர்களை இழந்து கற்ற பாடங்கள் இவை.

சாலைக் காருக்கு இத்தனை கடுமை வேண்டாம். ஆனால் காலக்கெடு என்ற கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வெயிலையும் இ20-ஐயும் சேர்த்துப் பார்த்தால், நைட்ரைல் குழாய்க்கு 4 ஆண்டு, ஆர்9 குழாய்க்கு 8 ஆண்டு என்பது என் கணிப்பு. அதற்குமேல் தள்ளிப்போட எந்த நியாயமும் தெரியவில்லை. வரலாறு தெரியாத காரை வாங்கினால் வாங்கிய வாரமே டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். எல்லாம் ஒரே வயது, ஒரே சூடு, ஒரே பெட்ரோல்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்காக 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளின்படி பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். இரண்டு சோதனைகளுக்கு இடையில் ஒரு நைட்ரைல் குழாயின் ஆயுளே முடிந்துவிடும். விண்டேஜ் பதிவுக்கு வரும் ஒவ்வொரு காரும் பெட்ரோல் குழாய் மாற்றிய ஆண்டைச் சான்றோடு காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். யாருக்கும் பெரிய செலவில்லை. பழைய கார்களின் அணிவகுப்பு நடத்தும் கிளப்புகள் அந்த விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அணிவகுப்புக்குப் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, பெட்ரோல் குழாயின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஆண்டு தெரிந்தால் கணக்குப் பாருங்கள். எழுத்தே அழிந்து போயிருந்தால் அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள்; முதலில் குழாயை மாற்றுங்கள்.